கீழ்த்தாடை, இடப்புறம்

பயிற்சியாளர் வைதோதஸ்
என் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபோது
சனிக்கிழமை ராத்திரி அவரை வைத குரல்
என் தொண்டையில் இன்னும் கம்மிக்கிடந்தது.

ஏழாம் வரிசை, பதினான்காம் இருக்கை.
பன்னிரண்டு வருஷமாகச் சீசன் டிக்கெட்.
அந்த மனிதரின் பிடரியை
அவர் மனைவியைவிட நான்தான் அதிகம் பார்த்திருப்பேன்.

இரண்டு புள்ளி முன்னிலை.
பதினோரு நொடி பாக்கி.
கையில் ஒரு டைம்-அவுட் மிச்சம்.
அவர் அதைக் கேட்கவில்லை.
கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.
எய்மந்தாஸ் பந்தோடு மூலையில் சிக்கிக்கொண்டான்,
கிளைபேடாக்காரன் ஒருவன் பறித்தான், ஓடினான்,
கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தான்.
வளையம் சத்தமில்லாமல் விழுங்கியது.

பானெவேஜிஸில் அன்று நாலாயிரம் பேர் அரங்கில் இருந்தோம்.
நாலாயிரம் பேரும் பயிற்சியாளர்கள்.
பூண்டு ரொட்டி தின்ற வாயோடு எழுந்து கத்தினேன்:
'டைம்-அவுட்டை என்ன, வட்டிக்கா விட்டிருக்கிறாய்?'

அதுவரை நியாயம்.
அதற்குப் பிறகு கத்தியதை இங்கே எழுதமாட்டேன்.
அதில் கூடைப்பந்து இல்லை.
அவருடைய தாயார் இருந்தார்.

நாக்கில் நரம்பில்லாமல் பேசுவது என்பார்கள்.
நான் படித்தவள்:
நாக்கில் நரம்பு உண்டு, இரண்டு பக்கமும்.
மரத்துப்போக ஊசி வேண்டாம்,
கூட்டம் போதும்.

முதல் கடைவாய்ப்பல் குறுக்கே பிளந்திருந்தது.
'தூக்கத்தில் பல்லைக் கடிப்பீர்களா?'
'இல்லை. நாலாவது குவார்ட்டரில்.'

ஊசி போட்டேன். ஐந்து நிமிடம் விட்டேன்.
துளைக்கும் கருவி பல்லைத் தொட்டதும்
அவர் இடது கை மேலே எழுந்தது,
நடுவரிடம் எதையோ முறையிடுவதுபோல.
நரம்பைத் தவறவிட்டிருந்தேன்.
பதினெட்டு வருஷத் தொழில்.
சிலருக்கு ஒரு மயிரிழை தள்ளி ஓடும் என்று
யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னேன்.

யாரும் எழுந்து நிற்கவில்லை.
யாரும் என் தாயாரை இழுக்கவில்லை.
உதவியாளர் ருகிலே உறிஞ்சுகுழலைப் பிடித்தபடி
ஜன்னலுக்கு வெளியே
லிண்டன் மரத்துப் பனியைப் பார்த்தாள்.

இரண்டாவது ஊசி.
காத்திருக்கிற நேரத்தில் சொல்லிவிட்டேன்:
'ஏழாம் வரிசையில் நானும் உட்காருவேன்.'

'தெரியும். உங்கள் குரல் மெல்லிசு. துளைக்கும்.'

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.
'டைம்-அவுட் பற்றி நீங்கள் கத்தியது சரி.
நிறுத்தினால் அவர்களும் ஆளை மாற்றி நிறுத்துவார்கள்
என்று கணக்குப் போட்டேன்.
தப்புக் கணக்கு.
ஆனால் மற்றது…'

அதற்குள் உதடு தொங்கிவிட்டது.
மிச்ச வார்த்தைகள் எச்சிலோடு குழைந்து வந்தன.
எனக்குப் புரியவில்லை.
இன்னொரு முறை சொல்லுங்கள் என்று
கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.
வாயை நன்றாகத் திறங்கள் என்றேன்.

'சம்பளம் வாங்குகிறவன்
இதையும் வாங்கிக்கட்டிக்கொள்ளட்டும்'
என்பான் என் அண்ணன் ஜிக்மஸ்.
நானும்தான் வாங்குகிறேன்,
பல் ஒன்றுக்குத் தொண்ணூறு யூரோ.
அன்றைக்கும் வாங்கினேன்,
முதல் ஊசிக்கும் சேர்த்து.

அடுத்த சனிக்கிழமை
எய்மந்தாஸ் வலது காலை இழுத்து இழுத்து ஓடினான்.
குருடருக்கும் தெரியும்.
எழுந்தேன்.
'உட்கார வை அவனை! கால் போய்விட்டது!'
பிடரி திரும்பவில்லை.
பின்வரிசையில் யாரோ ஓர் இளவட்டக் குரல்
என் வாக்கியத்தை வாங்கிக்கொண்டு
தாயாரோடு முடித்துவைத்தது.
சிலர் சிரித்தார்கள்.
நான் திரும்பிப் பார்த்திருக்கலாம்.
கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

நாலு புள்ளியில் தோற்றோம்.
எய்மந்தாஸைக் கடைசிவரை அவர் வெளியே எடுக்கவில்லை.

அது தப்பு.
அதை இன்னும் சொல்வேன்.